ஸ்கொட்லாந்துக்கு ஒரு நேர்த்தி

நான் இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை செய்ததாகத்தான் எங்கள் சொந்தக்காரர்கள் பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலியாண வீடுகளில் யாராவது "எந்தக் கம்பனி, பிள்ளை?" என்று கேட்டால் வாயில் வடையை அடைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவேன். உண்மையில் நான் வேலை செய்தது ஒரு பந்தயக் கம்பனியில். உதைபந்தாட்டம், ஹொக்கி, குதிரை, தேர்தல் என்று முடிவு தெரியாமல் இருக்கும் எதன் மீதும் பணம் கட்ட இடம் கொடுக்கும் கம்பனி அது. கணிதம் படித்த மருமகள் சூதாட்டக் கடையில் இருக்கிறாள் என்று வெளியில் தெரிந்தால் தன் பேத்திக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று என் மாமியார் பயந்தார். இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

இப்போது மறைக்க ஒன்றுமில்லை. ஹொக்கி பார்க்க உட்கார்ந்தால் கோலைவிடப் பந்தய விளம்பரம்தான் அதிகம். அன்று முகம் சுளித்த அன்ரிமாரின் பேரன்மார் கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே போனில் பந்தயம் கட்டுகிறார்கள். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அண்மையில் பழைய ஒபிஸ் பிள்ளைகள் சிலர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சந்தேகமான பந்தயங்களை இப்போது இயந்திரமே கண்டுபிடித்து, இயந்திரமே அந்தக் கணக்கை மூடிவிடுகிறதாம். ஒரு மனிதரும் ஒரு மனிதரோடும் பேசுவதில்லை.

"அன்ரி, சீரியஸா, நீங்க கஸ்டமருக்கு கோல் பண்ணி ஏன் இப்பிடிப் போட்டீங்க எண்டு கேப்பீங்களா?" என்று ஆரணி என்ற பிள்ளை கேட்டது. கேட்போம் என்றேன். "அவங்க ட்ரூத் சொல்லுவாங்களா?" என்றது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒருவருடைய ஞாபகம் வந்தது. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகதியாக வந்து இறங்கியபோது கையில் இருந்தது பாதியில் விட்ட கணிதப் பட்டப்படிப்பு. அதற்கு ரொறன்ரோவில் யாரும் கதவு திறக்கவில்லை. ஸ்காபரோவில் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கியூபெக் பிரிவதா இல்லையா என்ற வாக்கெடுப்பு அப்போதுதான் நடந்தது. தொழிற்சாலையில் மேசைக்கு மேசை பந்தயம் கட்டினார்கள். எல்லோரும் தாங்கள் எது நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்களோ அதற்கே கட்டினார்கள் என்பதைக் கவனித்தேன். எது நடக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு குதிரைப் பந்தயத்துக்கு ரெலிபோன் எடுக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்து, நான் மனக்கணக்குப் போடுவதைக் கண்ட ஒருவர் சொல்லி, விலை போடும் பகுதிக்கு வந்தேன்.

விலை என்றால் ஒரு டொலர் கட்டினால் நாங்கள் எவ்வளவு திருப்பிக் கொடுப்போம் என்பது. நடக்கக்கூடிய காரியம் என்றால் ஒரு டொலருக்கு மேலே கொஞ்சச் சில்லறை. நடப்பது கஷ்டம் என்றால் ஐந்து டொலர், பத்து டொலர். அவ்வளவுதான் வித்தை. மற்றதெல்லாம் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி.

அந்தக் கேள்வியை எனக்குள் ஊசி ஏற்றுவதுபோல ஏற்றியவர் எங்கள் மேலாளர் டங்கன். ஸ்கொட்லாந்தில் பிறந்து வளர்ந்து இங்கே வந்து குடியேறியவர். நெட்டையான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே தோடம்பழம் உரிப்பார். ஒரு விலையைச் சொன்னால், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். "அப்படி நினைக்கிறேன்" என்று பதில் சொன்னால் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். தெரிந்துகொண்டு வரும்வரைக்கும் திரும்பி வரமாட்டார். கோபப்படும் மனிதர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும், வீட்டில் மாமியார் இருந்தார். இப்படிப் பேசாமல் போகிறவரைச் சமாளிக்கத்தான் பல வருடம் பிடித்தது.

ஸ்கொட்லாந்து தனிநாடாகப் பிரிவதா என்று அங்கே வாக்கெடுப்பு வந்தபோது அந்தப் பந்தயத்தை என்னிடம் கொடுத்தார். அவர் அந்த நாட்டுக்காரர், ஆனால் கனடாவில் குடியிருந்ததால் அவருக்கு வாக்கு இல்லை. "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "அதை நான் சொன்னால், நாளைக்கு நான் போடும் விலையை நீ நம்பமாட்டாய்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

உதைபந்தாட்டத்தில் ஓர் அணி போன வாரம் எப்படி விளையாடியது என்று பார்க்கலாம். வாக்கெடுப்புக்குப் போன வாரம் கிடையாது. காலையில் வந்ததும் முதலில் கருத்துக்கணிப்புகளைப் பார்ப்பேன். அதில் 'ஆம்' எவ்வளவு, 'இல்லை' எவ்வளவு என்பதைவிட, 'இன்னும் தெரியாது' என்றவர்களைத்தான் கூர்ந்து பார்ப்பேன். தெரியாது என்று சொல்லுகிற மனிதர்கள் கடைசி நிமிடத்தில் பெரும்பாலும் இருக்கிற வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், அதாவது 'இல்லை' என்பார்கள். பிறகு இரவு வந்த பணத்தைப் பார்ப்பேன். தலைகளை எண்ணினால் 'ஆம்' பக்கம் கூட்டம். பத்து டொலர், இருபது டொலர், எல்லாம் ஆசைப் பணம். பணத்தை எண்ணினால் 'இல்லை' பக்கம் பாரம். அது கோட் போட்டவர்களின் பணம். இரண்டையும் பார்த்து விலையைத் தொட்டுத் தொட்டு நகர்த்தவேண்டும். என் கணக்குப்படி 'இல்லை'தான். ஆரம்பத்திலிருந்து அந்த எண்ணம் மாறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பந்தயங்கள் வரத் தொடங்கின. ஸ்காபரோ, மார்க்கம், ஒன்றிரண்டு ஸ்ரௌவ்வில். எல்லாம் புதிதாகத் திறந்த கணக்குகள். எல்லாம் 'இல்லை' பக்கம். ஐம்பத்தொரு டொலர், நூற்றியொரு டொலர், இருநூற்றியொரு டொலர். எல்லாவற்றிலும் பெரியது ஆயிரத்தொரு டொலர். சந்தேகமானவற்றைப் பார்க்கும் பகுதி உடனே சிவப்பு அடையாளம் போட்டது. ஒரே பக்கம், ஒரே வட்டாரம், ஒரே மாதிரியான விசித்திரத் தொகைகள். யாரோ ஒருவர் பல பெயர்களில் கட்டுகிறார், அல்லது யாரிடமோ உள்விவரம் இருக்கிறது என்பது அவர்களுடைய ஊகம். டங்கன் அந்தப் பெயர்களை என் முன்னால் வைத்தார். எல்லாம் தமிழ்ப் பெயர்கள்.

நூற்றியொன்றைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் பூச்சியத்தில் முடியும் தொகையை யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். கலியாண வீட்டு என்வலப்புக்குள் நூறு வைத்தால் அதோடு ஒன்றையும் வைத்தால்தான் கை வரும். ஆகவே இது கள்ளக் கூட்டம் இல்லை என்பது பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. விளங்காதது வேறு ஒன்று. ஒரு நாடு பிரிய வேண்டும் என்று உலகத்தில் எங்கே யார் கேட்டாலும் நெஞ்சு துடிக்கிற சனம் நாங்கள். எங்கள் ஆட்கள் ஏன் 'இல்லை'க்குக் கட்டுகிறார்கள்? அதுவும் என்வலப்புக்குள் வைக்கும் தொகையாக? சிறுவயதில் விடை வராத கணக்கை வைத்துக்கொண்டு சாப்பிட மறந்த மாதிரி அன்று மத்தியானம் இருந்தேன்.

டங்கன் சொன்னபடி, பெரிய தொகை கட்டியவருக்கு முதலில் போன் எடுத்தேன். பெயர் சிவபாதம், மோர்னிங்சைட்டில் வீடு. பெயர், பிறந்த திகதி, விலாசம் மூன்றையும் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். மூன்றாவது கேள்வியிலேயே மனிதர் என்னைப் பிடித்துவிட்டார்.

"நீர் தமிழ்ப் பிள்ளையோ?"

"ஓம், அண்ணை."

"எந்த ஊர்?"

இந்தக் கேள்விக்குக் கம்பனி விதிகளில் பதில் இல்லை. ஊரைச் சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னேன். அடுத்தது தகப்பன் பெயர் என்று தெரிந்ததால் முந்திக்கொண்டேன்.

"அண்ணை, ஸ்கொட்லாந்து பிரியாது எண்டு ஆயிரத்தொரு டொலர் கட்டியிருக்கிறியள். அதைப் பற்றி ஒரு விளக்கம் கேக்கத்தான் எடுத்தனான். உங்களுக்கு அவை பிரியிறது விருப்பமில்லையோ?"

"ஆர் சொன்னது? பிரியோணும். அதுக்குத்தானே காசு கட்டினனான்."

"பிரிஞ்சா உங்கட காசு போயிடுமே, அண்ணை."

"போகட்டும். போறதுக்குத்தான் வைச்சது. இது பந்தயம் இல்லைப் பிள்ளை, நேர்த்தி."

அப்போதுதான் எனக்கு வெளித்தது. எங்கள் வீடுகளில் ஒரு காரியம் கைகூட வேண்டும் என்றால் கடவுளுக்கு நேர்த்திக்கடனாகக் காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். காரியம் நடந்தால் அந்தக் காசு கோயிலுக்குப் போய்விடும். நடக்காவிட்டால் முடிச்சு அப்படியே கிடக்கும். முடிந்து வைத்த காசை எடுத்து வீட்டுச் செலவுக்குத் தொடமாட்டார்கள். 'இல்லை'க்குக் கட்டிய பந்தயமும் அச்சாக அதேதான். ஸ்கொட்லாந்து பிரிந்தால் காசு கம்பனிக்குப் போய்விடும். பிரியாவிட்டால் திரும்பி வரும். அவர் எங்கள் கம்பனியை ஒரு மஞ்சள் துணியாக்கி வைத்திருந்தார்.

"கோயிலை விட்டிட்டு ஏன் அண்ணை எங்களிட்ட வந்தனீங்கள்?"

"பிள்ளையாருக்கு எங்கட நாட்டுக்கெண்டு முடிஞ்சு வைச்சது எத்தினையோ வருசமா அப்பிடியே கிடக்கு. அவருக்குச் சோம்பல், காசு வாங்கப் பஞ்சிப்படுறார். உங்கட ஆக்கள் பஞ்சிப்படமாட்டினமெண்டு கேள்விப்பட்டன்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த ஒபிசில் சந்தேக விசாரணை நடக்கும்போது சிரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். மற்றத் தொகைகள் யாருடையவை என்று கேட்டேன். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பின்னேரப் பிள்ளைகளை ஏற்றும்வரைக்கும் ஓட்டுநர்கள் எல்லோரும் கோப்பிக் கடையில் கூடியிருப்பார்களாம். இவர் யோசனை சொல்ல, மற்றவர்களும் ஆளுக்கு ஒரு நூற்றியொன்று வைத்துவிட்டார்கள். ஸ்கொட்லாந்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேட்டது விசாரணைக்காக அல்ல. எனக்கே தெரியவேண்டி இருந்தது.

"பிள்ளை, அங்க கேக்கினம். வேணுமோ வேண்டாமோ எண்டு சனத்திட்டக் கேக்கினம். சனம் பென்சிலை எடுத்து ஒரு புள்ளடி போட்டிட்டு வீட்டை போய்த் தேத்தண்ணி குடிக்கப்போகுது. எங்களை ஆரும் கேட்டதுண்டோ? பென்சிலாலை ஒரு நாடு எடுக்கேலுமெண்டா, சாகிறதுக்கு முதல் அதை ஒருக்காப் பாக்கோணும். ஆற்றையெண்டாலும் பரவாயில்லை."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

இதை டங்கனுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வழக்கம்போல, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நூற்றியொன்றின் கதையைச் சொன்னேன். மஞ்சள் துணியைச் சொன்னேன். அவர் உரித்த தோடம்பழத்தைச் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் இவர்கள் வெல்ல வரவில்லை" என்றார்.

"இல்லை. தோற்க வந்திருக்கிறார்கள்."

"இந்தத் தொழிலில் கடவுள் நமக்குப் போட்டியாளர் என்கிறாய்."

"அவர் யாருக்கும் பணம் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்த விதத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்" என்றேன்.

டங்கன் சிரித்ததை அன்றுதான் கண்டேன். சிவப்பு அடையாளத்தை எடுத்துவிடச் சொன்னார்.

வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு கருத்துக்கணிப்பு 'ஆம்' முந்திவிட்டது என்று சொல்லிவிட்டது. எங்கள் ஒபிஸ் சந்தையாகிவிட்டது. நான் விலையை நகர்த்தியபடி இருந்தேன். ஆனால் 'இல்லை' என்ற என் கணக்கு அசையவில்லை. அந்த அமளிக்குள் சிவபாதம் அண்ணை என்னைத் தேடிப் போன் எடுத்தார். குரலில் ஒரு துள்ளல்.

"பிள்ளை, கிட்ட வந்திட்டினம் போல கிடக்கு. இன்னும் கொஞ்சம் போடலாமோ? மூத்தவன்ர கலியாணத்துக்கெண்டு மனுசி சேத்து வைச்சது ஐயாயிரம் இருக்கு."

"கலியாணக் காசையோ? மகன் என்ன சொல்லுவார், அண்ணை?"

குரலில் இருந்த துள்ளல் போய்விட்டது.

"நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்க அவன் வரமாட்டனெண்டு நிண்டிட்டான். அங்க நடந்த கடைசி யுத்தத்தோட ஒரு சேதியும் இல்லை. மனுசி இப்பவும் மாசாமாசம் அந்தக் காசோட சேத்துக்கொண்டுதான் இருந்தவ. இண்டைக்கு அவதான் சொல்லுறா, எடுத்துப் போடுங்கோ எண்டு."

என் திரையில் இருந்த எண் இந்த மனிதர் தோற்கப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய ஆசை நடக்காது என்பது அதன் பொருள். விலை போடுகிறவர்கள் வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்லக்கூடாது என்பது கண்டிப்பான விதி. விதி இல்லாவிட்டாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "நான் ஒண்டும் சொல்லேலாது, அண்ணை" என்றேன். ஐயாயிரத்தொரு டொலர் வந்து விழுந்தது.

முடிவு 'இல்லை' என்று வந்தது. அடுத்தநாள் காலை ஒபிசுக்குப் போனால், டங்கன் எனக்கு முன்னரே வந்து என் கதிரையில் இருந்தார். பந்தயத்தை முடித்துப் பணத்தைப் பகிர்வது என் வேலை. அன்று அதைத் தானே செய்தார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை பார்த்தார். முடித்ததும் எழுந்து, "உன் நண்பர்களுக்குப் பணம் போய்விட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அவர் எந்தப் பக்கம் என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் மேசையில் அன்று தோடம்பழம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

பஸ் ஓட்டுநர்கள் லாபத்தை உடனே எடுத்து, கொத்துரொட்டியும் ஆட்டிறைச்சியுமாக ஒரு விருந்து வைத்தார்களாம். நேர்த்தி அவர்களுக்கு அவ்வளவுதான். சிவபாதம் அண்ணையின் பணம் மட்டும் கணக்கிலேயே கிடந்தது. பெரிய தொகை எடுக்கப்படாமல் கிடந்தால் நாங்கள் கேட்கவேண்டும். கேட்டேன்.

"அதை வீட்டுக்கை எடுக்கேலாது, பிள்ளை. முடிஞ்ச காசெல்லோ. குட்டியும் போட்டு வந்திருக்கு, சனியன். உங்கையே கிடக்கட்டும்."

பிறகு மெதுவாகக் கேட்டார். "வேற எங்கையாவது நாடு கேக்கினமோ?"

இப்படி ஒரு கேள்வியை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனாலும் நான் தேடத் தொடங்கிவிட்டேன். பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்று ஒரு தீவு, பிரான்சின் கையில் இருப்பது. அங்கே கேட்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கம்பனி பந்தயம் திறந்தது. சிவபாதம் அண்ணை அந்தத் தீவை வரைபடத்தில் தேடிப் பிடித்து, அங்கே என்ன பயிர் செய்கிறார்கள் என்பதுவரை படித்து, முழுத் தொகையையும் 'இல்லை'க்குக் கட்டினார். அந்தச் சனம் 'இல்லை' என்றது. அவர் மறுபடி வென்றார்.

அதோடு கணினி அவரைக் கவனித்துவிட்டது. எங்கள் தொழிலின் அழகு இதுதான். தோற்கிறவருக்கு எவ்வளவு கட்டவும் இடம் உண்டு. வென்றுகொண்டே இருக்கிறவருக்குக் கயிறு கட்டிவிடுவோம். இனி ஒரு பந்தயத்துக்கு ஐந்து டொலருக்கு மேல் கட்ட முடியாது என்று அவருடைய கணக்கில் தடை விழுந்தது. அரசியல் பந்தயங்களில் மிகவும் கெட்டிக்காரர், ஆபத்தானவர் என்று குறிப்பு. அதை அவருக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

"நான் வெண்டனானோ?" என்றார். "பிள்ளை, நீர் ஆளை மாறிக் கதைக்கிறீர்."

"இல்லை அண்ணை. கம்பனிக் கணக்குப்படி நீங்கள் சரியான கெட்டிக்காரன்."

"அட, தோக்கிறதுக்கும் விடமாட்டியளோ?"

நான் டங்கனின் அறைக்குப் போனேன். இந்த மனிதர் எது நடக்கும் என்று பார்த்துக் கட்டுவதில்லை, எது நடக்கக்கூடாது என்று பார்த்துக் கட்டுகிறார், அவரைக் கெட்டிக்காரர் என்பது பெரிய அநியாயம் என்றேன். டங்கன் நெடுநேரம் கணக்கைப் பார்த்தார். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை. தடையை எடுத்துவிட்டு, குறிப்பில் ஒரு வரி எழுதினார். 'இந்த வாடிக்கையாளர் தோற்க விரும்புகிறார், அனுமதிக்கவும்.' அந்தக் கம்பனியில் எழுதப்பட்ட குறிப்புகளில் அதுதான் உண்மையானது என்று நினைக்கிறேன்.

அனுமதித்தோம், பயன் இல்லை. பூகன்வில் என்ற தீவில் வாக்கெடுப்பு வந்தபோது சனம் முழுக்க 'ஆம்' என்று சொல்லப்போவது ஊருக்கே தெரிந்தது. முடிவு தெரிந்த விஷயத்துக்கு எந்தக் கம்பனி பந்தயம் திறக்கும்? அண்ணை என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். தான் தோற்கக்கூடிய ஒரே இடத்தைப் பார்த்து மூடிவைத்திருக்கிறோமாம். அந்தச் சனம் 'ஆம்' என்று சொன்ன அன்று போன் எடுத்து, "காசு வைக்காமலே நடந்திட்டுது, பாத்தீரோ" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று என்னால் பிடிக்கமுடியவில்லை. நியூ கலிடோனியாவில் இன்னும் இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் 'இல்லை'. அண்ணை இரண்டு முறையும் வென்றார்.

டங்கன் ஓய்வு பெற்றார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். அதுவரைக்கும் அண்ணையைக் குரலாகத்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் தமிழ்க் கடையில் விளைமீன் விலைக்கு நான் வாயடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் திரும்பி, "உந்தக் குரல் எனக்குத் தெரியுமே" என்றார். சின்ன உருவம், தடித்த கண்ணாடி. கூடவே மனைவி. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சில வாரங்களுக்கு முன் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அல்பேர்ட்டா மாகாணம் கனடாவிலிருந்து பிரிவதா என்று பேச்சு அடிபடுகிறது, பந்தயமும் திறந்திருக்கிறார்கள், கேள்விப்பட்டீரா என்றார். கேள்விப்பட்டேன் என்றேன்.

"முழுக்கக் கட்டிப்போட்டன், பிள்ளை. எல்லாக் காசும். மூத்தவன்ரயும், அது போட்ட குட்டியளும்."

"இந்த முறையும் 'இல்லை'க்குத்தானே, அண்ணை?"

"இல்லை. 'ஆம்' எண்டு கட்டினனான்."

நான் திகைத்துப்போனேன். இத்தனை வருடமாக 'இல்லை'யைத் தவிர அந்த மனிதர் ஒன்றையும் தொட்டதில்லை. வயதுபோய் எந்தப் பக்கம் என்று மாறிப்போனாரோ என்று பயந்தேன். பிறகு மெதுவாக உறைத்தது. இவர் காசு கட்டும் பக்கம் இவருடைய பக்கம் அல்ல. போகவேண்டும் என்றுதான் கட்டுவார்.

"அண்ணை, அப்ப நீங்கள் அவை பிரியக்கூடாதெண்டோ நிக்கிறியள்?"

"மகள் அல்பேர்ட்டாவிலதான், கல்கரியில வீடு வாங்கிக்கொண்டு போயிட்டாள், தெரியாதோ? இஞ்ச வீடு விக்கிற விலைக்கு ஆர் நிப்பினம். ரெண்டு பேரப்பிள்ளையள்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவை கேக்கிறது அவையின்ர உரிமை, நான் பிழை சொல்லமாட்டன். ஆனா பிள்ளை, ஒரு பிள்ளையை எல்லைக்கு அங்கால விட்டிட்டு இருக்கிறன். மற்றதைப் பாக்கிறதுக்கும் இன்னொரு எல்லையில போய் நிக்கேலாது."

ஓய்வு பெற்றவளுக்கு விதி கிடையாது. மேசையில் இருந்த மடிக்கணினியைத் திறந்தேன். கருத்துக்கணிப்புகளைப் பார்த்தேன், 'தெரியாது' என்றவர்களைப் பார்த்தேன், எந்தப் பக்கம் எவ்வளவு பணம் விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். அண்ணை மறுமுனையில் பொறுத்திருந்தார்.

"அண்ணை, எனக்குத் தெரிஞ்ச கணக்குப்படி அவை பிரியமாட்டினம். இந்த முறை நீங்கள் தோப்பியள்."

"வடிவாப் பாத்துச் சொல்லும்."

"வடிவாப் பாத்திட்டுத்தான் சொல்லுறன். ஒரு சதமும் மிஞ்சாது."

மறுமுனையில் போன் எங்கேயோ வைக்கப்பட்ட சத்தம். பிறகு, வீட்டின் மற்ற மூலைக்குக் கேட்கும்படி அவர் மனைவியைக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது.

"இஞ்சேரும், காசு முழுக்கப் போகுமாம்!"